கிழட்டுக் கொடிகளின் வருடம்

என் மனுசனுக்கு முந்திரிகையைப் பற்றி ஒருவரும் பாடம் எடுக்க ஏலாது. எங்கள் ஊர் இளவாலையில் வீட்டுக்குப் பின்னால் பந்தல் போட்டு வளர்த்தவர். திராட்சையைத்தான் எங்கள் பக்கத்தில் முந்திரிகை என்போம். கிணற்றில் மிசின் பூட்டி இறைத்து, பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறி, ஆட்டெருவும் இலைகுழையும் மண்ணில் தாட்டு அவர் வளர்த்த கொடிகளுக்குக் கீழே நிமிர்ந்து நடக்க முடியாது. குலை தலையில் முட்டும். எனக்குக் கலியாணம் பேசியபோது என் ஐயா மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, பந்தலைப் பார்த்துத்தான் ஓம் என்றவர் என்று இவரைச் சீண்டுவேன். சிரிப்பார். அந்த நாளில் சிரிக்கத் தெரிந்த மனுசன்.

பிறகு ஷெல் விழுந்து பந்தலும் போய், கிணறும் போய், நாங்களும் ஊரை விட்டுப் போனோம். இத்தாலிக்கு, பலெர்மோ நகருக்கு, முதலில் வந்தது நான். வீட்டு வேலைக்குப் பெண்களைத்தான் கேட்டார்கள். பிள்ளையை அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன். ஒரே பிள்ளை, பால்பல் விழுந்து முளைக்கிற வயது அவளுக்கு. அம்மா கெதியாய்க் கூப்பிடுவன், கனநாள் ஆகாது என்று சொல்லி, அவள் நித்திரையாய் இருக்கிறபோதுதான் வாசலைத் தாண்டினேன். பிறகு இவரும் வந்து சேர்ந்தார். அக்கா பிள்ளையோடு கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு அறை எடுத்தா. நாங்கள் இஞ்சை, பிள்ளை அங்கை என்று வருடங்கள் ஓடின.

சட்டம் இதுதான். தாய் தகப்பன் பிள்ளையைக் கூப்பிடலாம். ஆனால் பிள்ளைக்குப் பதினெட்டு ஆவதற்குள் கேட்க வேண்டும். ஒழுங்கான வேலையும் வேண்டும், பிள்ளை வந்து இருக்க எழுத்தில் ஒரு வீடும் வேண்டும். என்னிடம் வேலை இருந்தது. வீடுதான் இல்லை. பலெர்மோவின் கபோ பகுதியில், சந்தைக்கு நடுவே, ஜன்னல் இல்லாத ஒரு கீழறையில் இருந்தோம். மத்தியானம் மீன்காரன் பலகை கழுவுகிற தண்ணீர் எங்கள் வாசற்படியில்தான் வந்து நிற்கும். வீட்டுக்காரன் எழுத்தில் எதுவும் தரமாட்டான். வேறு இடங்களில் தொலைபேசியில் ஓம் என்பார்கள், முகத்தைக் கண்டவுடன் வீடு போய்விட்டது என்பார்கள். அலைந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். பிள்ளை பதினைந்து, பதினாறு என்று போய்க்கொண்டிருந்தாள்.

இவர் குளிர்காலத்தில் நகருக்கு வெளியே சியாகுல்லியில் மந்தரின் ஆரஞ்சு பறிப்பார். மற்ற நாட்களில் பெரிய கட்டடங்களின் படிக்கட்டுத் துடைப்பார். வேலையால் வந்தால் கட்டிலில் இருந்து சுவரைப் பார்ப்பார். என்ன யோசினை என்று கேட்டால் "ஒண்டுமில்லை" என்பார். அந்த ஒண்டுமில்லையைக் கேட்டுக் கேட்டு எனக்கு விசர் பிடிக்கப் பார்த்தது. குடிக்கிற மனுசன் என்றாலும் சண்டை பிடிக்கலாம். சுவரைப் பார்க்கிறவரோடு என்னத்தைச் சண்டை பிடிக்கிறது?

நான் வேலை செய்த வீடு பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால். வீட்டுக்கார அம்மாவை சின்யோரா என்போம். ஒரு கைம்பெண்; தனியாக இருந்தா. மொன்ரியாலேக்கு அப்பால் மலைச்சரிவில் அவவின் புருசன் வழிச் சொத்தாக ஒரு பழைய முந்திரிகைத் தோட்டம் இருந்தது. புருசனின் தகப்பன் நட்ட கொடிகள். கறுப்பு முந்திரிகை, அந்த மாகாணத்துக்கே உரிய சாதி. அதைப் பார்த்துவந்த கிழவன் முதுகு போய், ஜெர்மனியில் இருக்கிற பிள்ளைகளிடம் போய்விட்டான். தோட்டத்தைப் பிடுங்கிவிட்டால் ஐரோப்பியச் சமூகம் நட்டஈடு கொடுக்கிற காலம் அது. பிடுங்குவோம் என்று சின்யோராவின் மகன் நின்றான். அவன் ஒரு அவ்வொக்காத்தோ, வழக்கறிஞன். தாய் விடமாட்டேன் என்று நின்றா.

அந்த நேரத்தில்தான் இத்தாலியின் வடக்கிலிருந்து வைன்காரர் ஒருவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். மெல்லிய குரல், மெல்லிய விரல். கிழட்டுக் கொடிகளின் வைனைத் தேடித் தெற்கெல்லாம் சுற்றுகிறாராம். சின்யோரா புருசன் இருந்த காலத்துப் போத்தல் ஒன்றைத் திறந்தா. அவர் ஒரு வாய் எடுத்துக்கொண்டு கண்ணை மூடினார். சுருக்கமாகச் சொன்னால், அவர் சொன்னது இது: வருகிற வருடத்து வைனும் இப்படி வந்தால் முழுவதையும் எடுக்கிறேன், ஒவ்வொரு வருடமும் எடுக்கிறேன். மகன், சரி, ஒரு வருடம் பார்ப்போம், சரி வராவிட்டால் பிடுங்குவேன் என்றான்.

போத்தலின் அடியில் மிஞ்சியதை சின்யோரா குசினியில் என் கையில் தந்தா. பூசையில் குருவானவர் குடிக்கிறதைப் பார்த்ததோடு சரி, அதுவரை நான் வைன் தொட்டதில்லை. கறுப்பாக இருந்தது. நாவற்பழம் தின்றதுபோல் நாக்கு பிடித்துக்கொண்டது. முதலில் கைத்தது, பிறகு ஒரு இனிப்பு வந்தது, விழுங்கியபிறகும் போகவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடிக்கவில்லை.

கோப்பையைக் கழுவிக்கொண்டிருக்கையில் சின்யோரா கேட்டா: உன் மனுசன் முந்திரிகை வளர்த்தவர் என்றாயே, இந்த ஒரு வருடம் தோட்டத்தைப் பார்ப்பாரா? வைன் சரியாக வந்தால் தோட்டம் நிற்கும். தோட்டம் நின்றால் அவருக்கு எழுத்தில் வேலை தருவேன். தோட்டத்தில் இருக்கிற வீட்டையும் எழுத்தில் உங்களுக்குத் தருவேன். உன் மகளைக் கூப்பிடு. நான் ஈரக்கையோடு அவவைக் கட்டிப்பிடித்துவிட்டேன். பிள்ளை பங்குனியில் பிறந்தவள். வைன் மார்கழிக்குள் தெரிந்துவிடும். மார்கழிக்கும் பங்குனிக்கும் இடையில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடலாம். வரும் பங்குனியில் அவளுக்குப் பதினேழு, அதற்கடுத்த பங்குனியோடு பதினெட்டு. அந்த ஒரு பருவம்தான் எங்களுக்கு இருந்தது.

தை மாதம் முதல் நாள் அவரோடு நானும் போனேன். போய் ஏமாந்தேன். பந்தல் இல்லை, கம்பி இல்லை. முழங்கால் உயரத்தில் கறுத்து முறுகிய கட்டைகள், சரிவு முழுக்கக் குந்தியிருந்தன. சிலது நடுவில் பிளந்து, ஒரு பக்கப் பட்டையில் மட்டும் உயிரை வைத்திருந்தது. இவர் ஒன்றைக் கையால் அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"இதென்ன காணும், விறகுக்கு விட்டு வைச்சிருக்கிறாங்களோ?"

"உங்கடை வாயை வைக்காதேங்கோ," என்றேன். "பிள்ளை வாற வீடு இது."

அவர் வீட்டைப் பார்த்தார். இரண்டு அறை, ஒரு குசினி, கூரையில் சில ஓடு இல்லை. ஆனால் ஜன்னல் இருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் நின்றேன். எந்த மூலையில் பிள்ளைக்குக் கட்டில் போடுவது என்றுகூட யோசித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது இப்போது, ஆனாலும் யோசித்தேன்.

கிளை வெட்டுவதை வைன்காரர் வந்து காட்டினார். ஒவ்வொரு கிளையிலும் இரண்டு முளைக்கண் மட்டும் விட்டு மிச்சத்தை வெட்ட வேண்டும். இவருக்கு அது பழக்கம். எங்கள் பந்தலிலும் வெட்டித்தான் காய்க்க வைப்பது. தை முடிய மழையோடு மழையாக வெட்டி முடித்தார். மாசியில் கட்டைகளைச் சுற்றிக் கொத்தினார். பங்குனியில் வெட்டின வாயெல்லாம் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. ஒரு சொட்டை விரலில் எடுத்து நாக்கில் வைத்துவிட்டு, "உயிர் இருக்கு" என்று எனக்குச் சொன்னார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஒண்டுமில்லை என்பதைத் தவிர வேறு ஒரு சொல்.

அதற்குப் பிறகு அவர் வாய் மூடவில்லை. கிழமை நாட்களில் தோட்டத்து வீட்டிலேயே தங்கினார். சனிக்கிழமை பஸ்ஸில் இறங்கி வரும்போதே கதை தொடங்கிவிடும். துளிர் விட்டது, துளிரில் சிவப்பு ஓடுது, பூ வந்தது, பூவுக்கு ஒரு வாசம் இருக்கு உமக்குத் தெரியுமோ. கந்தகத் தூள் அடித்துவிட்டு வந்தால் கண் இரண்டும் சிவந்து, சட்டையெல்லாம் மஞ்சளாய் நாறும். ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு அந்த நாற்றத்தோடுதான் பக்கத்தில் நின்றார். குளித்துவிட்டு வந்தாலென்ன என்று இடித்தேன். குளிச்சனான், போகுதில்லை என்றார். மனுசனுக்கு அதில் ஒரு பெருமை.

மாதம் ஒரு தரம் ஸ்டேஷன் பக்கத்துப் போன் கடையிலிருந்து பிள்ளையோடு கதைப்போம். முன்பெல்லாம் சாப்பிட்டியோ, படிச்சியோ என்று கேட்டுவிட்டு ரிசீவரை என்னிடம் தந்துவிடுவார். அந்த வருடம் எனக்குக் கதைக்க நேரம் மிஞ்சவில்லை. பிள்ளைக்குக் கொடி கொடியாகச் சொன்னார். அவளும் அங்கிருந்து கேள்வி கேட்பாள்: அப்பா, இப்ப காய் எவ்வளவு? மிளகளவு. இப்ப? கடலையளவு. நான் வரேக்கை பழம் இருக்குமோ? நீ வரேக்கை வெட்டி முடிஞ்சிடும், ஆனால் அடுத்த வருசம் நீதான் வெட்டப்போறாய்.

ஆனியில் வைன்காரர் மறுபடி வந்தார். அவர் சொல்கிறதை இவருக்குத் தமிழில் சொல்ல நானும் போயிருந்தேன். ஒரு கொடிக்கு நாலைந்து குலைதான், அதுவும் உள்ளங்கைக்குள் அடங்குகிற குலை. இவருக்கு அதைக் காட்டவே கூச்சம். எங்கள் ஊரில் இப்படிக் காய்த்தால் கொடியை வெட்டிவிடுவோம் என்று எனக்குக் காதோடு சொன்னார். வைன்காரருக்கோ ஒரே சந்தோசம். சந்தோசம் போதாதென்று கத்தரிக்கோலை எடுத்து, இருந்த குலைகளிலும் சிலவற்றை வெட்டி நிலத்தில் போட்டார். பச்சைப் பிஞ்சு. இவருடைய முகத்தைப் பார்த்தேன். கைவிரல்களை மடக்கி வைத்துக்கொண்டிருந்தார். குறைய இருந்தால்தான் வைன் கெட்டியாக வருமாம் என்று நான் சொன்னேன். "பிஞ்சை வெட்டி எறியிறவன் கமக்காரனே?" என்றார்.

போகும்போது வைன்காரர் சொன்னார்: இனி பழம் வெட்டுகிற காலம் வரை ஒன்றும் செய்யவேண்டாம், அதன் பாட்டில் விடுங்கள். நான் அதைச் சொல்லுக்குச் சொல் இவருக்குச் சொன்னேன். இவர் தலையாட்டினார். பிழை அங்கேதான் நடந்தது. ஒன்றும் செய்யாதே என்றால் வெட்டாதே, மருந்தடிக்காதே என்று பயிர் செய்கிற ஒரு கமக்காரனுக்கு விளங்கும். காய்ந்து கிடக்கிறதுக்குத் தண்ணீர் விடாதே என்று விளங்குமா? அப்படிச் சொல்ல உலகத்தில் ஒரு ஆள் இருப்பார் என்று எங்களுக்குத் தெரியாது. அந்த மலையில் ஒருவரும் முந்திரிகைக்குத் தண்ணீர் விடுவதில்லை. விட நினைக்கிற ஒரு மனுசன் இருப்பான் என்று வைன்காரருக்கும் தெரியாது.

ஆடியில் ஷிரொக்கோ அடித்தது. ஆபிரிக்காவிலிருந்து வருகிற காற்று. எங்கள் ஊர்ச் சோளகக் காற்றும் புழுதியோடுதான் வரும், ஆனால் அதில் ஒரு குளிர்மை இருக்கும். இது அடுப்புக்கு முன்னால் நிற்கிற வெக்கை. இலை விளிம்பெல்லாம் கருகிச் சுருண்டது. ஆவணியில் பலெர்மோ முழுவதும் கடலுக்குப் போய்விட்டது. சின்யோராவும் மகன் குடும்பத்தோடு மொண்டெல்லோ கடற்கரைக்குப் போனா. எனக்கு லீவு தந்தா. நான் தோட்டத்துக்குப் போனேன்.

மனுசன் பாதியாகிப்போயிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கொடிகளைக் காட்டினார். கட்டைக்குக் கீழே இருந்த இலைகள் மஞ்சளாகி உதிர்ந்து கிடந்தன. காய்களில் பாதி கறுத்து, பாதி பச்சையாய், ஒன்றும் பெருக்கவில்லை. நிலம் பிளந்திருந்தது, பிளவுக்குள் என் சுண்டுவிரல் போனது.

"சாகப்போகுது," என்றார். "இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டு இருந்திட்டன். இனி ஏலாது."

வீட்டுக்குப் பின்னால் நாலைந்து எலுமிச்சை மரத்துக்காக ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி இருந்தது. ஊற்றுத் தண்ணீர் வந்து விழும். மோட்டரும் இருந்தது. அடுத்த நாள் விடியவே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். சரிவுக்குக் குறுக்காக வாய்க்கால் வெட்டினார். ஒவ்வொரு கட்டையையும் சுற்றி வட்டமாய்ப் பாத்தி கட்டினார். இளவாலையில் செய்த அதே வேலை, அதே வளைவு. அந்த மலையில் அப்படி ஒரு வடிவான வேலையை ஒருவரும் கண்டிருக்கமாட்டார்கள். மோட்டரைப் போட்டதும் தண்ணீர் வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு ஓடி வந்தது. மண் குடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

நான் சாப்பாடு கொண்டுபோனபோது கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிவிட்டுச் சேற்றில் நின்றார். ஒரு பாத்தி நிறைய, வாயை மண்ணால் அடைத்து, அடுத்ததைத் திறப்பார். ஒரு தரமும் நிமிர்ந்து யோசிக்கவில்லை; கை தானாகப் போனது. வாயில் விசில். நான் செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலுக்குள் காலை வைத்துக்கொண்டு இருந்தேன். பிள்ளையையும் இஞ்சை இப்பிடி இருத்த வேணும் என்றேன். இருத்துவம், ஏன் அவசரப்படுறீர் என்றார். பலெர்மோவில் நான் இருந்த இத்தனை காலத்திலும் அந்த நாளைப்போல சந்தோசமாக ஒரு நாள் இருந்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். இல்லை.

தோட்டம் முழுவதும் தண்ணீர் காட்டி முடிக்க ஒரு கிழமைக்கு மேல் போனது. முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து தொடங்கினார். இவர் நினைத்ததுபோலவே கொடிகள் எழும்பின. இலை நிமிர்ந்தது. காய் பெருத்தது, பெருத்துப் பெருத்துக் குலைக்குள் இடம் இல்லாமல் ஒன்றையொன்று நெரித்தது. புரட்டாதி தொடக்கத்தில் நான் பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறினேன். கபோவில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்த மொரிசியஸ் சைவசமயப் பெண்ணும் தன் நேர்த்திக்கடனுக்காக என்னோடு ஏறினா. மற்றவர்கள் கேட்கப் போனார்கள். நான் நன்றி சொல்லப் போனேன்.

சின்யோரா கடலிலிருந்து திரும்பி வந்து தோட்டத்தைப் பார்த்தபோது கையைத் தட்டினா. என் மனுசன் இருந்த காலத்தில்கூட இப்படிப் பெரிய குலை கண்டதில்லை என்றா. மகன் ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டு மென்றுவிட்டுத் தலையாட்டினான். அவனுக்கும் விளங்கவில்லை. மூன்று தலைமுறையாக வைன் குடித்த வீடு, கொடியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

வெட்டுக்குக் கூலி ஆட்கள் வந்தார்கள். பெட்டி நிறைந்து, பெட்டி போதாமல் அயலில் கடன் வாங்கினோம். கொஞ்சப் பழம் தோல் வெடித்துக் குளவி மொய்த்தது. இவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தார். நசுக்கி, பெரிய தொட்டியில் ஊற்றி, பொங்க விட்டார்கள். போனில் பிள்ளைக்கு இவர் சொன்னார்: "நீ பாஸ்போட்டை எடுத்து வை. பழம் உன்ரை கண்ணளவு." அவள் சிரித்தது எனக்குப் பக்கத்தில் நின்றே கேட்டது.

கார்த்திகை கடைசியில் வைன்காரர் வந்தார். சின்யோராவும் மகனும் என்னையும் சமைக்கக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். நிலவறையில் பீப்பாவைத் திறந்து ஒரு கிளாஸில் எடுத்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். பழைய போத்தலின் வைன் கறுப்பு. இது கிளாஸுக்கு அப்பால் அவருடைய விரல் தெரிகிற சிவப்பு. முகர்ந்து பார்த்தார். வாயில் வைத்தார். துப்பினார். துப்புவது அவர்களுடைய வழக்கம்தான், அது எனக்குத் தெரியும். ஆனால் பழைய வைனை அவர் துப்பவில்லை, அதுவும் எனக்குத் தெரியும்.

கிளாஸை வைத்துவிட்டு வெளியே வந்து கொடிகளுக்குள் இறங்கினார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். மழை இன்னும் சரியாக இறங்காத வருடம். பாத்திகள் கட்டிய மாதிரியே காய்ந்து கிடந்தன. ஒரு கட்டைக்கு முன்னால் நின்று, காலால் அந்த வட்டத்தைத் தொட்டு, இதை யார் செய்தது என்று கேட்டார்.

என் மனுசனுக்கு அவ்வளவு இத்தாலியன் விளங்கும். முன்னுக்கு வந்தார். நெஞ்சில் கையை வைத்து, "இயோ" என்றார். நான்தான் என்று. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. மெச்சப்போகிறார் என்று நினைத்தார்.

வைன்காரர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். அவர் என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார், நான் கேட்டுக்கொண்டு நின்றேன். இந்த வயதில் கொடி தன் பாட்டுக்குக் கஷ்டப்பட வேண்டும். கஷ்டப்பட்டால்தான் சாறு கெட்டியாகும். பழுக்கிற நேரத்தில் தண்ணீர் விட்டால் அந்தத் தண்ணீர் நேரே பழத்துக்குள் போகும். இது வைன் இல்லை, தண்ணீர். எனக்கு உதவாது. சொல்லிவிட்டு எனக்கு மன்னிப்பும் கேட்டார், படித்த மனுசன்.

"என்னவாம்?" என்றார் இவர். சிரிப்பு இன்னும் போகவில்லை.

சின்யோரா நிலத்தைப் பார்த்தா. மகன் கை மணிக்கூட்டைப் பார்த்தான். என்னைத் தவிர அந்த மலையில் தமிழ் தெரிந்த ஒருவரும் இல்லை.

"தண்ணி விட்டதாலை வைன் பழுதாம்," என்றேன். "எடுக்கமாட்டாராம்."

"தண்ணி விட்டாப் பழுதாகுமோ?"

"ஆகுமாம்."

"விடாமல் விட்டிருந்தால் செத்திருக்குமே?"

நான் அதை வைன்காரரிடம் கேட்டேன். இல்லை, சாகாது என்றார். நூறு வருடமாக அப்படித்தான் நிற்கிறது என்றார். அதையும் சொல்லவேண்டி வந்தது. சொன்னேன். இவருடைய கை நெஞ்சிலேயே இருந்தது, எடுக்க மறந்துவிட்டார்.

அடுத்த நாள் மானம் ரோசம் பார்க்காமல் சின்யோராவிடம் கேட்டேன். தோட்டம் போகட்டும், வீட்டை மட்டும் எழுதித் தாங்கோ, பங்குனி வரைக்கும், பிள்ளை வந்ததும் விட்டுவிடுகிறோம். அவ அழுதா. வீடு நிலத்தோடு சேர்ந்தது, நிலம் இனி மகன் கையில் என்று அழுதா. அழுகிறது சுலபம், எழுதித் தருகிறதுதான் கஷ்டம். நானும் அவவோடு சேர்ந்து அழுதுவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினேன். வேறு வீடு தேடாமல் இருந்தோமா என்றால், தேடினோம். பாலன் பிறந்த நத்தாருக்கும் தேடினோம், வருடப் பிறப்புக்கும் தேடினோம். பங்குக் குருவானவரும் எங்களுக்காக இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை.

மாசியில் சின்யோராவின் மகன் பெரிய உழவுமிசினைக் கொண்டுவந்து கொடிகளைப் பிடுங்கினான். பிடுங்கினதை அடுக்க ஆள் வேண்டும் என்று என் மனுசனைக் கேட்டான். போகாதேங்கோ, பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை என்று நான் கத்தினேன். போனார். ஒவ்வொரு நாளும் போனார். கடைசி நாள் வந்து, கை கழுவாமல் கட்டிலில் இருந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் கதைத்தார்.

"வேர் எவ்வளவு நீளம் தெரியுமோ உமக்கு? சங்கிலி போட்டு இழுக்க இழுக்க வருகுது. என்னைவிட நீளம். அங்கால அறுந்துபோச்சு, இன்னும் கீழை போயிருக்கு."

நான் அடுப்பை அணைத்தேன்.

"அறுந்த நுனி ஈரம். கையாலை பிடிச்சுப் பார்த்தனான். மேலை மண் வெடிச்சுக் கிடக்கேக்கையும் கீழை தண்ணி இருந்திருக்கு. அதுகளுக்குத் தண்ணி இருந்தது." விரல்களைத் தேய்த்துக்கொண்டு, "நான் ஏன் குடுத்தனான்," என்றார்.

பாவம் மனுசன் என்று நெஞ்சு வெடித்தது. அதே நேரம் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல ஆத்திரமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சட்டியில் தண்ணீர் வைத்து அவருடைய கையை நானே கழுவிவிட்டேன்.

பங்குனியில் பிள்ளையின் பிறந்தநாள். போன் கடைக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஆட்கள் நிறைய. வரிசையில் நின்று போன் பெட்டிக்குள் போனோம். இவர் ரிசீவரை எடுத்து வாழ்த்துச் சொன்னார். பிறகு அவள் ஏதோ கேட்டாள். இவர் கண்ணாடிக்கு அப்பால் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஓம், நல்லா நிக்குது. துளிர் விட்டிட்டுது. இந்த முறை போன வருசத்தைவிட வடிவாய் வரும்." கொடியெல்லாம் மலையில் விறகாய் அடுக்கிக் கிடந்தது. "ஓம் பிள்ளை, கெதியாய்," என்று சொல்லிவிட்டு என்னிடம் ரிசீவரைத் தந்து, பெட்டியை விட்டு வெளியே போனார்.

"அம்மா, அப்பா பக்கத்திலை நிக்கிறாரோ?"

"இல்லை, வெளியிலை."

"அம்மா, எனக்குத் தெரியும். பதினெட்டு முடிஞ்சால் ஏலாதெண்டு பெரியம்மா எப்பவோ சொன்னவ. நான் இனி வரமாட்டன் எண்டு எனக்குத் தெரியும்." குரல் சரியாகத்தான் இருந்தது, என்னுடையதைவிடச் சரியாக. "அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ எனக்குத் தெரியுமெண்டு. நான் நம்பிக்கொண்டிருக்கிறன் எண்டே அவர் நினைக்கட்டும். கொடியைப் பற்றிச் சொல்லேக்கை அவர் எவ்வளவு சந்தோசமாய்க் கதைக்கிறார்."

ஓம் என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வெளியே வந்தேன். அவர் வாசலில் நின்றார்.

"என்னவாம் பிள்ளை?"

"எப்ப வாறதெண்டு கேக்கிறாள்," என்றேன்.

"சொன்னீரோ?"

"சொன்னனான். அடுத்த வெட்டுக்கு எண்டு."

அவர் ஓம் என்று தலையாட்டினார். பஸ்ஸுக்கு நிற்காமல் கபோ வரைக்கும் நடந்தே போனோம்.